ஜூடுக்குக் கொப்பளிப்பான், டிலானிக்கு டோக்கியோ

9 ஒக்டோபர் 96, புதன்

வெயில், ஆனால் குளிர். காத்து பலம்.

இண்டைக்கு லீவு. செய்ய வேண்டியது:
பால், முட்டை, பாண்
மேல்வீட்டு அன்ரியிட்டை ரண்டு போர்வை
சின்னவனுக்கு ஜக்கெற். சைஸ் தெரியாது. ஆறு வயசுப் பிள்ளைக்கு எண்டு கேக்க
முகம் வழிக்க
பின்னேரம் நாலு மணி, செல்வண்ணையின்ர வானில ஏர்போட்

ஏழு மணி. முகம் வழிச்சுக்கொண்டு நிக்க ரெலிபோன். றெஜினா. டோக்கியோ ஏர்போட்டில இருந்து. அந்த நேரம் அவவும் ரண்டு பிள்ளையளும் கனடாவுக்கு வாற பிளேனில, ஆகாயத்தில இருக்கவேணும்.

"இஞ்சருங்கோ, எங்களை ஏத்தமாட்டினமாம்."

ஜூடுக்குக் கொப்பளிப்பான். கொழும்பில ஏறேக்க கொஞ்சம் காய்ச்சல் காய்ஞ்சதாம், அலைச்சலெண்டு றெஜினா நினைச்சிருக்கிறா. டோக்கியோவில பிளேன் மாறி ஏறப் போக, வாசலில நிண்ட பிளேன் கொம்பனிப் பிள்ளை அவன்ர கழுத்தைக் கண்டிட்டுதாம். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் நெஞ்சு முழுக்க அம்மைக் கொப்பளம். எல்லாம் காயவேணும். டொக்டர் கடிதம் தரவேணும். அதுக்குப் பிறகுதான் பிளேன். ஆறேழு நாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகினம். எனக்கு இவையின்ர பாஷை ஒரு சொல்லும் விளங்கேல்ல. டிலானி என்ர சீலையை விடுறாள் இல்லை..."

லைன் அறுந்திட்டுது. கன்னத்தில பாதி நுரையோட நிண்டபடி.

செல்வண்ணைக்கு ரெலிபோன் அடிச்சன். ஒரே ஃபக்ரறி, ஒரே ஷிப்ட். ரூஜ் எண்ட இடத்தில வீடு வாங்கி இருக்கிறார். நான் வந்த நாளில இருந்து எனக்கு எல்லாத்துக்கும் அவர்தான்.

"கொப்பளிப்பான் எண்டால் ஒரு கிழமையில மாறிடுமெடா. உதுக்கேன் அந்தரப்படுறாய்?"

பேந்து பெட்டியைத் திறந்து விசாக் கடிதத்தின்ர கொப்பியை எடுத்துப் பார்த்தன். 19 ஒக்டோபருக்குள்ள கனடாவில இறங்கவேணும்.

இண்டைக்கு ஒன்பது.

பாண் வாங்கேல்ல.


10 வியாழன்

வேலைக்குப் போனன். பத்து மணி பிறேக்கில இமிக்கிறேஷனுக்கு அடிச்சன். பதினெட்டு நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பொம்பிளை. நல்ல குரல், நல்ல மரியாதை. திகதி நீட்டேலாதாம். மெடிக்கல் எடுத்து ஒரு வருஷம் முடியிற நாளாம் அது. தவறினால் மெடிக்கல் திரும்ப, ஃபைலும் திரும்பத் திறக்கவேணும்.

எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு கேட்டன்.

"அதை இப்ப சொல்லேலாது சேர்."

முதல் தரம் எனக்கு ஆறு வருஷம் எடுத்தது. டிலானிக்கு ரண்டு வயசில விட்டிட்டு வெளிக்கிட்டன், இப்ப எட்டு. ஜூட் நான் வந்து மூண்டு மாசத்தால பிறந்தவன். படத்தில மட்டும்தான் அவன்ர முகம்.

பின்னேரம் மாதா கோயிலுக்கு. பங்குச் சுவாமியிட்டைச் சொன்னன். அவரின்ர குருமார் சபைக்கு எல்லா ஊரிலயும் ஆக்கள். அறைக்குள்ள போய் அரை மணித்தியாலம் ரெலிபோன். வெளிய வந்து ஒரு துண்டுப் பேப்பரை என்ர கையில தந்தார். டோக்கியோவில கன்னியாஸ்திரிகள் மடம் ஒண்டு, விருந்தினர் அறை உண்டு, கீழ் மாடியில நேசறிப் பள்ளிக்கூடம். அங்க தமிழ்ச் சிஸ்டர் ஒருத்தி, நாகர்கோயில் பக்கம், பேர் பிலோமினா. ஆஸ்பத்திரியில இருந்து மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரப் போயிட்டாவாம்.

கண் கலங்கிப்போச்சுது. சுவாமி அங்கால பார்த்துக்கொண்டு நிண்டார்.


11 வெள்ளி

மழைத் தூறல். பஸ் பிந்தி, பத்து நிமிஷம் லேற். சுப்பவைசர் மணிக்கூட்டைப் பார்த்தான்.

பின்னேரம் ஏழுக்கு மடத்துக்கு அடிச்சன். அங்க சனிக்கிழமை காலமை எட்டு. சிஸ்டர்தான் எடுத்தா.

"கவலப்படாதீங்க சார். பையனுக்கு மருந்து போட்டிருக்கு. நெறைய சொறியிறான், அவ்வளவுதான். அம்மாதான் தூங்கவே மாட்டேங்கிறாங்க."

பேந்து றெஜினா. ஜூட் கஞ்சி குடிச்சானாம். புதுசா முதுகிலயும் வந்திருக்காம். டிலானிக்கு இன்னும் ஒண்டும் இல்லை. காலமையும் பின்னேரமும் அவளை உடுப்புக் கழட்டிப் பாக்கிறாவாம். டிலானிக்கும் இப்ப வந்தால் பத்தொன்பதை மறக்கவேண்டியதுதான்.

"டிலானியிட்டைக் குடும்."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுது.

"டிலானி, அப்பா கதைக்கிறன். என்னம்மா செய்யிறாய்?"

மூச்சு.

"சாப்பிட்டியோ?"

றெஜினா வாங்கிட்டா. "உவள் கதைக்கமாட்டாள். வந்ததில இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில கிடக்கிறாள். அறைக்குள்ள கட்டில் ரண்டு, யன்னல் ஒண்டு. யன்னலால ரெயின் ஸ்ரேஷன் தெரியுது. வேற ஒண்டும் இல்லை. உந்த வயசுப் பிள்ளை என்ன செய்யும்?"

லைப்ரரியில கேட்டுப் பாக்கவேணும்.


12 சனி

லைப்ரரிக்குப் போனன், நடந்து. குளிர் கொஞ்சம் குறைவு.

கவுண்டரில நிண்ட பிள்ளையிட்டைக் கேட்டன், டோக்கியோவில சின்னப்பிள்ளையளோட என்ன செய்யலாம் எண்டு ஒரு புத்தகம். "ஹொலிடே போறீங்களா?" எண்டு சிரிச்சுது. ஓம் எண்டிட்டன்.

ஒண்டு இருந்தது. அங்க இருந்த வெள்ளைக்காரத் தாய் ஒருத்தி எழுதினது. இதில எழுதி எடுத்தன்:

மிருகக்காட்சிச்சாலை. பண்டா உண்டு. திங்கள் பூட்டு
பட்டங்கள் மட்டும் வைச்ச மியூசியம், ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல
ஆத்தில வள்ளம், பாலங்களுக்குக் கீழால போகும்
விளையாட்டுச் சாமான் கடை, கனக்க மாடி. வாங்காமலே விளையாடலாமாம்
தீயணைப்புக்காரரின்ர மியூசியம். ரிக்கெற் வாங்கத் தேவையில்லை. மொட்டைமாடியில உண்மையான ஹெலிகொப்ரர், ஏறி இருக்கலாம்
நகரத்தை வட்டமாச் சுத்துற ரெயின். ஒரு சுத்து ஒரு மணித்தியாலம்

எழுதி முடிய ஒரு யோசனை. இங்க ஸ்காபரோவில ஆறு வருஷம். பிள்ளையளை இங்க எங்க கூட்டிக்கொண்டு போகலாமெண்டு ஒருத்தன் என்னட்டைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஃபக்ரறி, கோயில், தமிழ்க் கடை, அறை. ஏரி இருக்கெண்டு தெரியும். பார்த்தது ஒரு தரம், அதுவும் செல்வண்ணையின்ர வானுக்குள்ள இருந்து.

ஏழு மணிக்கு அடிச்சன். அங்க ஞாயிறு காலமை. சிஸ்டரிட்டை முழு லிஸ்ட்டையும் வாசிச்சன்.

"தீயணைப்பு மியூசியம் பக்கம்தான் சார். இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் நானே டிலானியைக் கூட்டிட்டுப் போறேன்."

றெஜினாவுக்குச் சொன்னன். "புத்தகம் பார்த்துக் கண்டுபிடிச்சனீங்களோ?" எண்டா. பகிடியோ கோபமோ தெரியேல்ல.


13 ஞாயிறு

காலமை ஏழுக்கே அடிச்சன், பொறுக்கேலாமல். அங்க இரவு எட்டு.

றெஜினா எடுத்த உடன: "ஹெலிக்குள்ள ஏத்தச் சொல்லி நீங்களோ சொன்னது?"

ஓம் எண்டன். அப்பதான் விளங்கினது.

ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள ஓடின பிள்ளை. ஹெலியில இருந்து சந்தைக்குள்ள சுட்ட அண்டைக்கு இவளும் றெஜினாவும் வாழைக்குலைக் குவியலுக்குப் பின்னால படுத்துக் கிடந்தவை. றெஜினா எனக்குக் கடிதத்தில எழுதினவ. நான் அந்தக் கடிதத்தை வாசிச்சு அழுதனான். நேற்று லைப்ரரியில இருந்து "ஹெலிகொப்ரர், ஏறி இருக்கலாம்" எண்டு எழுதேக்க ஒரு சொட்டும் நினைவு வரேல்ல. ஆறு வருஷத்தில நான் அப்பிடி ஆகிட்டன்.

சிஸ்டரிட்டை என்ன நடந்ததெண்டு கேட்டன். மொட்டைமாடிக்குப் படியால ஏறிப் போய்க் கதவைத் திறந்த உடன டிலானி அப்பிடியே நிண்டிட்டாளாம். சிஸ்டரின்ர உடுப்பைப் பிடிச்சபடி. மற்றப் பிள்ளையள் வரிசையில நிண்டு ஏறி இறங்குதுகள். கன நேரம் பார்த்துக்கொண்டு நிண்டாளாம். பிறகு தானாப் போய் வரிசையில நிண்டாளாம்.

"உள்ள ஏறி ஒக்காந்து என்னக் கேட்டுது சார், 'இதில துவக்கு எங்க?'ன்னு. துவக்குன்னா துப்பாக்கிதானே? இல்லம்மா, இது நெருப்பணைக்கிறதுன்னேன். நம்பல. சீட்டுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பாத்துது. அப்புறம் எறங்கவே மாட்டேன்னுடுச்சு."

டிலானியிட்டைக் குடுக்கச் சொன்னன். மூச்சு. நான் ஒண்டும் கேக்கேல்ல, பொறுத்துக்கொண்டு நிண்டன்.

"ஹெலிக்குள்ள இருந்தனான்," எண்டாள். ரெலிபோனை வைச்சிட்டு ஓடிட்டாள்.

கட்டைக் குரல். றெஜினாவின்ர தாய்க்கும் அப்பிடித்தான்.

பூசைக்குப் போனன். ஒண்டும் காதில விழேல்ல.


14 திங்கள்

நன்றிசெலுத்தல் லீவு. ஃபக்ரறி இல்லை. செல்வண்ணை வீட்டில வான்கோழி, கறித்தூள் போட்டு அவிச்சது. சாப்பிட மனமில்லை, சாப்பிட்டன்.

"ரிக்கெற் மாத்தியாச்சோ?"

"வெள்ளிக்கிழமைக்குக் கிடைச்சிருக்கு அண்ணை. பதினெட்டு. அதுக்கு முன்னால இடமில்லையாம்."

"ஒரு நாள் மிச்சம்."

"ஓம். ஒரு நாள்."

பின்னேரம் ஏழுக்கு மடத்துக்கு. அங்க செவ்வாய் காலமை. இண்டைக்கு நேசறியில வேலை, சிஸ்டருக்கு நேரமில்லை. ஜூடுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. முகத்தில உள்ளது கறுத்து வருது. றெஜினாவின்ர குரல் அடைச்சுப்போய். நாலு ராத்திரி அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறா, சொறியவிடாமல்.

பேந்து டிலானி, தானாக் கேட்டு வாங்கினவள்: "உங்கட புத்தகத்தில இண்டைக்கு என்ன இருக்கு?"

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதேலாது. இந்தக் கொப்பியைத் தேடி எடுத்தன். பட்டம் சொன்னன். "வேற?" வள்ளம் சொன்னன். "வேற?" ரெயின் சொன்னன். பச்சைக் கோடு போட்டது, ஊர் முழுக்க வட்டமாச் சுத்தி வரும், ஒரு மணித்தியாலத்தில ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும்.

"அது எங்கட யன்னலுக்கால தெரியுது. பச்சைக் கோடு."

"அப்ப பக்கத்திலதான். சிஸ்டருக்கு நேரம் வரேக்க கூட்டிக்கொண்டு போவா."

"ஒருத்தரும் கூட வராட்டிலும் திரும்பி வருமோ?"

"வராமல் எங்க போறது? வட்டம்தானே," எண்டு சிரிச்சன்.

கடவுளே, சிரிச்சன். (இதைச் செவ்வாய் எழுதிச் சேர்க்கிறன்.)


15 செவ்வாய்

5.10க்கு ரெலிபோன். வேலைக்கு வெளிக்கிட எழும்பித் தேத்தண்ணி வைச்சபடி. சிஸ்டர்.

"சார், டிலானி உங்ககிட்ட ஏதாவது சொல்லிச்சா?"

மூண்டரையில இருந்து காணேல்ல. அங்க இப்ப ஆறு தாண்டிட்டுது. றெஜினா ஜூடோட கண்ணயர்ந்து போயிருக்கிறா. எழும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. மடம் முழுக்கத் தேடி, மாதா சிலைக்குப் பின்னால கூடத் தேடி, பேந்துதான் வாசலில பார்த்திருக்கினம். அங்க எல்லாரும் சப்பாத்தைக் கழட்டி வைக்கிற தட்டு. டிலானியின்ர சப்பாத்து இல்லை.

ரெயினைப் பற்றிச் சொன்னன்.

"இருட்டிடுச்சு சார். ஆபீஸ் விடுற நேரம். அந்த ரயில்ல நிக்கவே எடமிருக்காது." ஸ்ரேஷனுக்கு முன்னால பெட்டி மாதிரி இருக்கிற சின்னப் பொலிஸ் நிலையத்துக்குப் போறாவாம். திரும்ப அடிப்பாவாம்.

பின்னால றெஜினாவின்ர சத்தம். சொல்லாக ஒண்டும் இல்லை, சத்தம்.

5.30. ஒண்டும் இல்லை. ரெலிபோனைத் தொட்டால் அவை அடிக்கேக்க கிடையாமல் போயிடும்.

5.40. செபமாலை எடுத்தன். ரண்டு முத்துக்கு மேல போகேல்ல. எண்ணிக்கை பிழைக்குது.

5.45. அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. இங்கிலிஷ் தெரியாது. மடத்தின்ர பேர் தெரியாது. கையில ஒரு துண்டு எழுத்தும் இல்லை. பெரியாக்களின்ர இடுப்பளவு உயரம். படத்தில நான் பார்த்தபடி.

5.55. நேற்று அந்தக் கேள்வியைக் கேக்கேக்கயே எனக்கு விளங்கியிருக்கவேணும். ஒரு தகப்பனுக்கு விளங்கும். எனக்கு அவள் கதைச்சதுதான் பெரிசாப் பட்டது.

6.05. பிள்ளையளுக்கு வாங்கின கட்டிலில இருக்கிறன். பிளாஸ்ரிக் இன்னும் கழட்டேல்ல.

6.15. வேலைக்கு அடிச்சு வரமாட்டன் எண்டு சொல்லவும் ஏலாது.

6.25. அடிச்சுது.

"வந்துட்டா சார். தானா வந்துட்டா."

மாதாவே.

பொலிஸ் பெட்டியில சிஸ்டர் கதைச்சுக்கொண்டு நிக்க, ஸ்ரேஷன் வாசலால சனத்தோட சனமா நடந்து வந்தாளாம். மடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துதான் அடிக்கிறாவாம். டிலானியிட்டை ரெலிபோனைக் குடுத்தா. நான் ஒண்டும் கேக்க முதல் கதைக்கத் தொடங்கிட்டாள். இவ்வளவு நாளும் கதைக்காததெல்லாம் சேர்த்து:

"ஒரு அன்ரிக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு உள்ள போனனான். என்னைப்போல பிள்ளையள் தனியத்தான் போகுதுகள், பெரிய பையும் தொப்பியும் போட்டுக்கொண்டு. அதால ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. யன்னலடியில நிண்டனான். உயரமான வீடுகள், ஒரு வீட்டுக்கு மேல விளையாட்டுத் திடல் இருந்தது. பேந்து ஒரு ஆறு. பேந்து வெளிச்சம், கலர் கலரா எழுத்து ஓடுது. அப்பா, சுத்தி வந்திட்டுது, ஆனால் எங்கட இடம் எது எண்டு தெரியேல்ல. எல்லா இடமும் ஒரே மாதிரி. அதால இன்னொருக்காப் போனனான். பிறகு சனம் கூடிட்டுது. யன்னல் தெரியேல்ல. ஆக்களின்ர கோட்டுகள்தான் தெரிஞ்சுது."

"பயந்தனியோ?"

"மூண்டாம் சுத்தில."

"எப்பிடிக் கண்டுபிடிச்சனி?"

"கதவு பூட்ட முதல் ஒவ்வொரு ஸ்ரேஷனிலயும் ஒவ்வொரு மெட்டு அடிக்கும். எங்கட ஸ்ரேஷன்ர மெட்டு எனக்குத் தெரியும். கட்டிலில கிடக்கேக்க ஒவ்வொரு நாளும் கேக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான். அது கேட்ட உடன இறங்கிட்டன்."

"அம்மாவுக்குச் சொல்லாமல் ஏன் போனனி?"

"நீங்களும் நான் நித்திரையா இருக்கேக்கதானே போனனீங்கள். அம்மா சொன்னவ."

கோபமா இல்லை. சாதாரணமாத்தான் சொன்னாள்.

பேந்து றெஜினா. "ஏசுங்கோ அவளை. நீங்கள் தகப்பன்தானே, ஏசுங்கோ."

எனக்கு ஏலாமல் போச்சுது. அவள் சுகமா வந்தது போதும் எண்டன்.

"போதுமோ? ஆறு வருஷம் நான் தனிய வளர்த்தனான். குண்டு விழேக்கயும், ஊரோட இடம்பெயர்ந்து பாலத்தால நடக்கேக்கயும், வவுனியாவில ஆமியின்ர அனுமதிப் பாசுக்கு வரிசையில நிக்கேக்கயும் ஒருநாளும் என்ர கையை விட்டவள் இல்லை. நீங்கள் நாலு நாள் ரெலிபோனில கதைச்சு..."

வைச்சிட்டா.

வேலைக்கு ஒரு மணித்தியாலம் லேற். சேர்க்கிற் போர்டில ரண்டு வயரை மாத்திப் பூட்டினன். செல்வண்ணை பார்த்திட்டுக் கழட்டித் திருத்தினார்.


16 புதன்

முதல் உறைபனி. கார் கண்ணாடி எல்லாம் வெள்ளை.

றெஜினா ரெலிபோனுக்கு வரமாட்டாவாம். சிஸ்டர்தான். ஜூடின்ர கை கால் முகம் எல்லாம் காய்ஞ்சிட்டுது. கமக்கட்டுக்குள்ள, கைக்கு அடியில மட்டும் ரண்டு புதுசு, தண்ணியோட. டொக்டர் நாளைக்குப் பாப்பார். டிலானிக்கு இன்னும் ஒண்டும் இல்லை.

"றெஜினா கோவமா இருக்கிறாவோ?" எண்டு கேட்டன்.

"அவங்க இந்த ஊருக்கு வந்து இன்னும் வெளிய ஒரு அடி வைக்கல சார்," எண்டா சிஸ்டர்.

அதை நான் ஒருநாளும் கேக்கேல்ல. லிஸ்ட் வாசிச்சது முழுக்கப் பிள்ளைக்கு.


17 வியாழன்

காலமை ஆறு. சிஸ்டர். டொக்டர் கடிதம் தரேல்ல. ஒண்டு காய்ஞ்சிட்டுது, ஒண்டு இன்னும் ஈரம். நாளைக் காலமை திரும்ப வரட்டாம். நாளைப் பின்னேரம்தான் பிளேன். அதை விட்டால் அடுத்தது ஞாயிறு, அதாவது இருபது.

ஒரே ஒரு கொப்பளம். சுண்டுவிரல் நகத்தளவு கூட இருக்காது.

நாள் முழுக்க ஃபக்ரறியில கை மட்டும் வேலை செய்தது. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கேல்ல.

இரவு 8.30. அங்க வெள்ளி காலமை. ஜூடைக் கூட்டிக்கொண்டு போயிருப்பினம். மடத்தில வேற சிஸ்டர் எடுத்தா, அவ சொன்னது எனக்கு விளங்கேல்ல. நான் "மை சன், மை சன்" எண்டு இங்கிலிஷில பையனைப் பற்றிக் கேட்டன். அந்த மனுசி "யெஸ், யெஸ்" எண்டா. என்னத்துக்கு யெஸ் எண்டு தெரியாது.

9.15. பிலோமினா சிஸ்டர். கடிதம் கிடைச்சிட்டுது.

அழேல்ல. கோப்பை எல்லாம் கழுவினன்.


18 வெள்ளி

லீவு எடுத்தாச்சு. மேகம்.

இங்க காலமை ஆறு, அங்க இரவு ஏழு, அப்பதான் பிளேன் வெளிக்கிடும். திரும்ப மறிச்சால் றெஜினா உடன அடிப்பா. அடிக்காட்டில் ஏறிட்டினம். நாலரையில இருந்து ரெலிபோனுக்கு முன்னால கதிரை போட்டு, அது அடிக்கக் கூடாது எண்டு பார்த்துக்கொண்டு இருந்தன்.

6.20க்கு அடிச்சுது.

எடுக்கப் பயமா இருந்தது. ஆறு தரம் அடிக்கவிட்டு எடுத்தன்.

"எத்தினை மணிக்கெடா வாறது, நாலோ நாலரையோ?" செல்வண்ணை.

அவரை நான் ஏசின ஏச்சு. மனுசன் பாவம், சிரிச்சார்.

ஏர்போட். ஆறு மணிக்கு இறங்கினதெண்டு போர்டில காட்டுது. ஏழு. ஏழரை. மற்ற ஆக்கள் எல்லாம் வந்து, கட்டிப்பிடிச்சு, போயிட்டினம். "புதுசா இறங்கிற ஆக்களுக்கு உள்ளுக்கு நேரமெடுக்கும்," எண்டு செல்வண்ணை ஏழு தரம் சொல்லியிருப்பார். எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்க, கதவு திறந்தது.

முதல் டிலானி. வண்டிலைத் தள்ளிக்கொண்டு, வண்டிலுக்கு மேலால தலை தெரியேல்ல. பின்னால றெஜினா, தோளில ஜூட். றெஜினா பாதியாகிட்டா. தலைமயிர் முன்பக்கம் நரைச்சிருக்கு. நான் படத்தில பார்த்த ஆள் இல்லை. அவவும் என்னை அப்பிடித்தான் பார்த்தா.

"முத்திரை குத்தியாச்சோ?" இதுதான் நான் கேட்ட முதல் கதை. வெக்கமா இருக்கு எழுத.

"ஓம்," எண்டா. ஆறு வருஷத்துக்குப் பிறகு நேரில கேட்ட முதல் சொல்.

ஜூடைத் தூக்கக் கை நீட்டினன். தாயின்ர கழுத்துக்குள்ள முகத்தைப் புதைச்சிட்டான். காது மடலில காய்ஞ்ச பொருக்கு ஒண்டு. அதைத்தான் கிட்டப் பார்த்தன்.

வானுக்குள்ள டிலானி யன்னலைத் துடைச்சுத் துடைச்சு வெளியால பார்த்துக்கொண்டு.


19 சனி

மூண்டு பேரும் நித்திரை. முழு நாளும்.

சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். மூடி வைச்சன். ஒருத்தரும் எழும்பேல்ல.

நான் குசினிக் கதிரையில. அறைக்குள்ள மூண்டு மூச்சு.


20 ஞாயிறு

வெயில். மரங்கள் முழுக்கச் சிவப்பு.

றெஜினா பத்து மணிக்கு எழும்பினா. குளிச்சா. ஆறிப்போன சோத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டா. வெள்ளியில இருந்து என்னோட பத்துச் சொல்லும் கதைச்சிருக்கமாட்டா. மத்தியானம் ஒண்டரைக்கு என்ர ஜக்கெற்றைக் கொளுவியில இருந்து எடுத்துப் போட்டா.

"பிள்ளையளைப் பாருங்கோ. நான் ஒருக்கா வெளிய போயிட்டு வாறன்."

"எங்க?"

"தெரியாது."

"பொறும், எல்லாரும் போவம். நான் வழி..."

"வேண்டாம். தனியப் போகவேணும்."

விலாசத்தையும் ரெலிபோன் நம்பரையும் எழுதிக் குடுத்தன். சில்லறை குடுத்தன். பஸ் நம்பர் சொல்ல வெளிக்கிட்டன். கதவைச் சாத்திட்டா.

பல்கனியில இருந்து பார்த்தன். கீழ றோட்டில இடப்பக்கம் திரும்பினா. இடப்பக்கம் ஒண்டும் இல்லை, பிளாசாவும் பெற்றோல் ஷெட்டும். திரும்பிப் பார்க்கேல்ல. என்ர ஜக்கெற் அவவுக்கு முழங்கால் வரைக்கும் வருது.

உள்ளுக்கு வந்தால் ரண்டு பிள்ளையளும் என்னைப் பார்த்துக்கொண்டு. டிலானி கட்டில் நுனியில. ஜூட் கதிரைக்குப் பின்னால, கண் மட்டும் தெரியுது.

என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. ரீவியைப் போட்டன், கொல்ஃப். நிப்பாட்டினன். பிஸ்கற் குடுத்தன். டிலானி வாங்கினாள், தம்பியின்ரையும் வாங்கிக் கதிரைக்குப் பின்னால நீட்டினாள்.

"உந்தக் கட்டிலுக்கு ஏன் பிளாஸ்ரிக்?" எண்டாள்.

"கழட்டேல்ல."

"கழட்டுவமோ?"

ரண்டு பக்கத்தால இழுத்தம். சத்தம் வெடி மாதிரி. நான் சட்டெண்டு நிப்பாட்டி அவையின்ர முகத்தைப் பார்த்தன். டிலானி இன்னும் பலமா இழுத்தாள். ஜூட் கதிரைக்குப் பின்னால இருந்து வந்து ஒரு மூலையைப் பிடிச்சான். என்னைப் பார்க்கேல்ல, பிளாஸ்ரிக்கைத்தான் பார்த்தான். பேந்து மெத்தைக்கு மேல ஏறிக் குதிச்சான். முதல் தரம் அவன்ர சிரிப்பு. முன்பல்லு ஒண்டு இல்லை. கீழ்வீட்டுக்காரர் தட்டும் வரைக்கும் குதிச்சவை. தட்டின பிறகும் ரண்டு தரம்.

மூண்டு மணி. றெஜினா வரேல்ல.

3.30. பல்கனிக்குப் போனன், வந்தன். றெஜினாவுக்கு இங்கிலிஷ் பத்துச் சொல். சிவப்பு லைட்டில நிக்கத் தெரியுமோ? டிலானி கேட்டாள், "ஏன் நடந்துகொண்டு திரியிறீங்கள்?" சும்மா எண்டன்.

3.50. செல்வண்ணைக்கு அடிச்சு வானில தேடச் சொல்லுவமோ? ரிசீவரை எடுத்தன். வைச்சன்.

ஜூட் என்ர காலுக்குப் பக்கத்தில தரையில இருந்து பிஸ்கற் தின்னுறான். எப்ப வந்து இருந்தவன் எண்டு தெரியாது. அசையாமல் நிண்டன்.

4.20க்குக் கதவு. மூக்கும் காதும் சிவந்து, தலை கலைஞ்சு, சப்பாத்து முழுக்கச் சருகு.

வாய்க்குள்ள வந்ததை எல்லாம் விழுங்கினன். "என்ன பார்த்தனீர்?" எண்டு மட்டும் கேட்டன்.

"ஒண்டும் பார்க்கேல்ல. நடந்தனான்."

ஜக்கெற்றைக் கழட்டிக் கொளுவினா. தரையில கிடந்த பிளாஸ்ரிக்கைப் பார்த்தா. ஜூட் இருந்த இடத்தைப் பார்த்தா.

"நாளைக்கும் போவன்," எண்டா.

ஓம் எண்டன்.